தங்கள் எடை நிலையாக உள்ளது

அம்மாவின் எடை குறைகிற சேதி முதலில் தெரிந்தது அப்பாவின் மொபெட்டுக்குத்தான். பத்தொன்பது வருஷமாக ரயில்வே மேம்பாலத்தின் பாதியில் மூச்சு வாங்கி, இருமி, அப்பாவைக் காலால் உந்த வைத்து, அதற்கப்புறமே ஏறிப் பழகிய அந்த வண்டி, வைகாசி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை காலையில், பின்னால் அம்மா உட்கார்ந்திருக்க, அவள் மடியில் மூன்றடுக்கு டிபன் கேரியர் இருக்க, ஆளே ஏறாத மாதிரி விர்ரென்று ஏறி மறுபக்கம் இறங்கிவிட்டது. அம்மா எங்கேயோ விழுந்துவிட்டாள் என்று பதறி, அப்பா பாலத்தடியில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அம்மா இருந்தாள். அதே உடம்பு, அதே கழுத்து மடிப்பு, அதே பச்சைச் சேலை.

"ஏனுங்க நின்னுட்டீங்க? ஷிப்டுக்கு மணியாச்சுங்க" என்றாள்.

அம்மா வேலை பார்க்கும் நூல் மில்லில், பஞ்சுப் பொதி நிறுக்கும் மேடையில் அவளை ஏற்றிப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு. போன தீபாவளிக்கு எழுபத்தொன்று. மறுநாள் ஐம்பது, அதற்கு மறுநாள் நாற்பத்தேழரை. உடம்பு ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை, ஜாக்கெட் ஒரு நூல்கூடத் தளரவில்லை, கனம் மட்டும் திறந்து வைத்த கற்பூரம் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு, "டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்கம்மா. மெஷின் காத்துல நீங்க எழும்பிப் போய் நூலோட நூலா சுத்திக்கிட்டீங்கன்னா, நூல் சுத்தற கோன் எடை கூடிப்போகும், வாங்கற பார்ட்டிக்கு நான் பதில் சொல்லணும்" என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் ஊர் உடுமலைப் பக்கம். திரும்பிய திசையெல்லாம் காற்றாலை நிற்கிற ஊர். ஆனி பிறந்துவிட்டால் கணவாயிலிருந்து புறப்படுகிற காற்று தகரக் கூரையைத் தூக்கும், மோர்ப்பந்தலைத் தூக்கும், கொடியில் போட்ட போர்வையை நாலாவது ஊரில் கொண்டுபோய்ப் போடும். ஆனிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் அம்மாவின் கனத்தைத் தங்க வைக்காவிட்டால் அம்மாவையும் தூக்கிக்கொண்டு போய்விடும். விஷயம் இவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்பில் மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. ஏன் இப்படி ஆனது என்று யாரும் அரைமணி நேரத்துக்கு மேல் யோசிக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்குத் தண்ணி லாரி வரவில்லை, அது பெரிய பிரச்சினை. சங்கத்துச் செயலாளர் ஆறுச்சாமி மாமா, தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் எழுதி ஓய்வு பெற்றவர், சாயங்காலமே கீழே நோட்டீஸ் ஒட்டினார். 'மூன்றாம் மாடி திருமதி சாந்தாமணி அவர்களின் எடை குறைந்து வருவது சங்கத்தின் கவனத்துக்கு வந்துள்ளபடியால், மேற்படியார் மாடிப்படியில் வருகையில் குடியிருப்போர் எவரும் எதிர் ஜன்னலைத் திடீரெனத் திறக்கலாகாது எனவும், பட்டம் விடும் சிறார்கள் மேற்படியாரைப் பார்த்துச் சிரிக்கலாகாது எனவும் இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறது.' மேற்படியார் நோட்டீஸைப் படித்துவிட்டு, "எம்பேருக்கு முன்னால திருமதியெல்லாம் போட்டிருக்காரு பாரு" என்று சந்தோஷப்பட்டாள்.

பொள்ளாச்சி டாக்டர் பேர் யுகேந்திரன். அவர் ஆளைப் பார்க்க மாட்டார், திரையைப் பார்ப்பார்.

"எடை குறையுதா? யார் சொன்னா? மில்லா? பஞ்சு மேடையா? அதெல்லாம் செல்லாது. இங்க இருக்கற மெஷினும் செல்லாது, சாப்பிட்டுட்டு செருப்போட ஏறுவீங்க. வீட்ல, காலைல, வெறும் வயித்துல, பாத்ரூம் போயிட்டு வந்து, போனோட பேசற மெஷின்ல ஏறணும். தெனமும். பதினாலு நாள். கிராஃபை எடுத்துட்டு வாங்க. கோடு இறங்கிச்சுன்னா அஞ்சு ஊசி, எடை தங்கிரும். கோடு இல்லாம ஊசி கிடையாது. நோட்ல எழுதிட்டு வராதீங்க, நோட்ல நானும் எழுதுவேன் எனக்கு இருபது வயசுன்னு. நெக்ஸ்ட்."

ஆக, ஊசி வேண்டுமென்றால் கோடு வேண்டும், கோடு வேண்டுமென்றால் மெஷின் வேண்டும், மெஷின் வேண்டுமென்றால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கேதான் எங்கள் குடும்பத்துக்குச் சனி பிடித்தது. போன் என்னுடையது என்பதால் தேர்ந்தெடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண்ணுக்கு இந்த உலகத்தில் இத்தனை எடை மெஷின் இருக்கிறது என்று தெரியவே கூடாது. நூற்றுப் பதினெட்டு இருந்தது. கறுப்புக் கண்ணாடி ஒன்று, எடையோடு எலும்பு, தண்ணீர், கொழுப்பு, உடம்பின் வயது என்று பதினேழு சமாச்சாரம் சொல்லுமாம். பேசும் மெஷின் ஒன்று, ஏறியதும் எடையைச் சத்தமாகச் சொல்லுமாம். "பாத்ரூம்ல நின்னு அது கத்துனா பன்னெண்டு வீட்டுக்கும் கேக்குமே, வேண்டவே வேண்டாம் சாமி" என்றாள் அம்மா. இன்னொன்றுக்கு வைஃபை வேண்டும், எங்கள் வீட்டு வைஃபை இரண்டாம் மாடி மெஹர் அக்காவுடையது, தரை வழியாக எங்கள் சமையலறை வரைக்கும்தான் வரும், அப்படியானால் அம்மா வெறும் வயிற்றோடு அடுப்படியில்தான் எடை பார்க்க வேண்டும்.

வாங்கியவர்கள் எழுதியதைப் படித்தால் தலை இன்னும் சுற்றியது. 'நல்ல பொருள். சொன்ன நாளில் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.' 'எடையைச் சரியாகக் காட்டுகிறது. மனைவிக்குப் பிடிக்கவில்லை. ஒரு நட்சத்திரம்.'

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் வாசலில் கூட்டமே கூடிவிட்டது.

"கறுப்பை வாங்கு நித்தி" என்றாள் மெஹர் அக்கா. அவள் தினமும் மொட்டை மாடியில் எட்டாயிரம் அடி நடக்கிறவள். "எங்கிட்ட இருக்கறது எனக்கு உடம்பு வயசு அறுபத்தொண்ணுன்னு சொல்லுது. எனக்கு முப்பத்தி நாலு. உங்களுது என்ன சொல்லுதுன்னு நானும் ஏறிப் பாத்துக்கறேன்."

"தனியார் உபயோகத்துக்கு வாங்கறது சரியில்ல" என்றார் ஆறுச்சாமி மாமா. "பார்க்கிங்ல பொதுவா வெச்சா பன்னெண்டு வீடும் பயன்படுத்தும். தீர்மானம் போட்ரலாம்."

"ஏனுங் மாமா, பார்க்கிங்ல வந்து வெறும் வயித்தோட நிக்கறதா?" என்றாள் அம்மா.

"வரிசையா நின்னா ஆச்சு."

அப்பா மட்டும் ஒரே கேள்விதான் கேட்டார். எந்த மெஷினைக் காட்டினாலும், "இது எத்தன கிலோ வரைக்கும் தாங்கும்?" நூற்றெண்பது என்றேன். "அப்பக் கெட்டியான மெஷின்தான்" என்று திருப்திப்பட்டார். எல்லாப் பக்கத்திலும் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். அதிகபட்சம் நூற்றைம்பது, நூற்றெண்பது, இருநூறு. குறைந்தபட்சம் எவ்வளவு என்று நூற்றுப் பதினெட்டில் ஒருத்தன்கூடப் போடவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன். 'தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு தேன்குரல் நாற்பது நிமிஷம் என்னை முக்கியமாக வைத்திருந்துவிட்டு, வீட்டில் குழந்தை இருந்தால் தூக்கிக்கொண்டு ஏறுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டது.

மூன்று நாள் போனது. அம்மா முப்பத்தொன்பதுக்கு வந்துவிட்டாள். கடைசியில் ஒரு வெள்ளை மெஷினில் எல்லாருக்கும் கண் நின்றது, ஏனென்றால் அதன் கீழே 'குடும்பம் முழுவதற்கும் ஒரே செயலி. ஏறுபவர் யார் என்பதைத் தானாகவே அடையாளம் காணும்' என்று எழுதியிருந்தது. "ஆளை அடையாளம் தெரிஞ்ச மெஷினு" என்று அம்மாவே சொன்னாள், "அதுதான் மரியாதை."

மெஷின் வருவதற்குள் அம்மாவுக்கு முப்பத்துமூன்று. பெட்டியைப் பிரித்ததும் நான் போனில் செயலியைப் போட்டு, ப்ளூடூத்தைத் தேடி, கிடைக்காமல், மறுபடி தேடி, பெயர், உயரம், பிறந்த தேதி, லட்சியம் என்ன என்று அது கேட்க, 'எடை கூட வேண்டும்' என்கிற பொத்தான் இல்லாததால் 'உடற்கட்டு' என்று போட்டு, நிமிர்ந்து பார்க்கிறேன், அம்மா குளித்துவிட்டு வந்து மெஷினுக்குப் பூஜை போட்டு முடித்திருந்தாள். புதிதாக வீட்டுக்கு வந்தது எதுவானாலும் போடுவாள், மிக்ஸிக்குப் போட்டாள், கேஸ் சிலிண்டருக்கு மாதாமாதம் போடுகிறாள். கால் வைத்து ஏறப் போகிற சாமான் என்பதால் இதற்குக் கூடுதலாகவே சந்தனம் குழைத்து, மேலே நாலு மூலையிலும் பளபளவென்று நாலு வட்டத் தகடு தெரிந்ததில், பொட்டு வைக்க இடம் விட்டிருக்கிறான் என்று நினைத்து, நாலிலும் கெட்டியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள்.

'வெறும் காலில் ஏறவும்' என்றது செயலி.

"வெறுங்கால்தானே சாமி" என்று அம்மா பாதத்தைத் தூக்கி அதற்குக் காட்டினாள்.

மறுநாளும் அதையே சொன்னது. மறுபடி கம்பெனிக்குப் போன் போட்டேன். தேன்குரல், "காலுறை அணிந்திருக்கிறீர்களா மேடம்?" என்றது. உடுமலையில், வைகாசியில், பாத்ரூம் வாசலில் காலுறை. பிறகு மெஹர் அக்கா வந்து பார்த்து, "அடியாத்தி, அந்தத் தகட்டுலதான்டி கால் படணும்" என்றபோது அது வெள்ளிக்கிழமையாகிவிட்டது, வெள்ளிக்கிழமை எந்தப் பெண்ணாவது குங்குமத்தை அழிப்பாளா என்று அம்மா மெஷினின் மேல் மணையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் துடைத்துவிட்டு ஏறினாள். 'வணக்கம் சாந்தாமணி! 27.4' என்றது. நான் துள்ளிக் குதித்தேன், அம்மாவும் சும்மா ஒரு துள்ளல் துள்ளி நிலைப்படி மேலே தலையை இடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை 24.6. செயலி யோசித்தது. வட்டம் சுற்றியது. 'புதிய விருந்தாளியை வரவேற்கிறோம்!' என்றது.

இரண்டு கிலோவுக்கு மேல் ஒரே நாளில் மாறினால் அதற்கு அது வேறு ஆள். அதற்குத் தெரிந்த சாந்தாமணிக்கு இருபத்தேழு கிலோ, இவள் யாரோ. இல்லை இவள்தான் அவள் என்று சொல்ல வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையிலும் அமுக்கிப் பார்த்தேன், இருந்ததெல்லாம் 'விருந்தாளிக்குப் பெயரிடுக' என்பதுதான். சாந்தாமணி என்று போட்டால் 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்' என்றது. அம்மா என்று போட்டேன். அடுத்த நாள் இன்னொரு விருந்தாளி. அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. ஒவ்வொரு காலையும் என் அம்மா தன் வீட்டுப் பாத்ரூமிலிருந்து வெறும் வயிற்றோடு வந்து ஏற, ஒவ்வொரு காலையும் அது அவளை வாசலில் வந்து நிற்கும் புது ஆள் மாதிரி வரவேற்றது. "தெனமும் வரவேற்குது, ஒரு வாய் காப்பி குடுக்க மாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டே இறங்குவாள். எனக்குத்தான் போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு பேருக்கு ஒரு புள்ளி. கோடு இழுக்க இரண்டு புள்ளியாவது வேண்டும்.

இதற்குள் குடியிருப்பு பழகிவிட்டது, பழகினதோடு நிற்காமல் வேலையும் வாங்க ஆரம்பித்தது. அம்மா கட்டைவிரலை ஊன்றி ஒரு உந்து உந்தினால் உத்தரம் வரைக்கும் போய் மெதுவாக இறங்குவாள் என்று தெரிந்ததும், ஏணிக்குப் பதிலாக எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். ஒட்டடை அடிக்க, தண்ணித் தொட்டியில் சிக்கின பூப்பந்தை எடுக்க, மெஹர் அக்கா வீட்டு ட்யூப்லைட் மாற்ற. "ஏனக்கா, ஏறுனதும் ஏறுனீங்க, அந்தப் பரண்மேல இருக்கற பிரியாணி அண்டாவையும் கொஞ்சம் பாத்துருங்க." காற்று பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் ஒருத்திதான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை அம்மா ஏறியபோது மெஷின் முழிக்கவே ரொம்ப நேரம் எடுத்து 5.2 என்று காட்டியது. செயலி, 'உங்கள் குடும்பம் நிறைந்துவிட்டது. எட்டு உறுப்பினர்களுக்கு மட்டுமே இடம் உண்டு. ஒருவரை நிரந்தரமாக நீக்கவும்' என்றது.

எட்டுப் பேரும் அம்மா. ஒன்பதாவதாக நிற்பதும் அம்மா. யாரை நீக்க?

நான் பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து அழுதேன். அப்பா மெஷினைத் தலைகீழாகத் திருப்பித் தட்டினார். ஆறுச்சாமி மாமா, "எட்டுன்னு விதி இருந்தா எட்டுத்தான், ஆனா மனு போடலாம்" என்றார்.

அடுத்து நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. மறைக்க மாட்டேன். அழுது முடித்ததும் எனக்கு அந்த மெஷின்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. உனக்கு இருபத்தேழு கிலோ சாந்தாமணியைத்தானே தெரியும், இரு, இருபத்தேழு கிலோ தருகிறேன் என்று, என் புத்தகப் பையை அம்மா முதுகில் மாட்டி, மெஹர் அக்காவின் இரும்பு டம்பெல் இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகி, இஸ்திரிப் பெட்டியைக் கையில் கொடுத்து ஏற்றினேன். வட்டம் சுற்றியது. 'வணக்கம் சாந்தாமணி! மீண்டும் வந்ததில் மகிழ்ச்சி!'

குடியிருப்பே கை தட்டியது. அடையாளம் கண்டுவிட்டது, கண்டேவிட்டது! அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு நாளும் குறைகிறதை நாங்கள் ஒவ்வொரு நாளும் கூட்டினோம். ஆறுச்சாமி மாமா தன் பித்தளைப் பேனாத்தட்டைக் கொடுத்தார், முதல் மாடியிலிருந்து தோசைக்கல் வந்தது, வாட்ச்மேன் கேட்டுக்கு முட்டுக் கொடுக்கிற கருங்கல்லைத் தந்தார். அப்பா தார்ப்பாயில் எட்டுப் பை வைத்து ஒரு கோட்டு தைத்து வந்தார். பூஜ்யத்தைத் தாண்டின பிறகு குறைகிற வேகம் மட்டுப்பட்டது, ஆனாலும் குறைந்தது. கல்லைக் கழற்றினால் அம்மா மேலே போய்க் கூரையில் முதுகை ஒட்டிக்கொண்டு, "விசிறியை நிறுத்துங்கடி" என்று கத்துவாள். செயலிக்கோ குஷி. தினமும் வண்ணக் காகிதம் பறக்கவிட்டு, 'தங்கள் எடை நிலையாக உள்ளது. வாழ்த்துகள்!' என்றது. பதினாலு நாள். ஒரே பெயர். ஒரே கோடு. மெஷினை ஏமாற்றிவிட்டோம் என்று நான் மொட்டை மாடியில் நின்று அதன் குரலிலேயே ஊருக்கெல்லாம் வாழ்த்துச் சொன்னேன். அந்தக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

டாக்டருக்குத் தோன்றியது.

"பிரமாதம்" என்றார், என் போனைப் பார்த்தபடி. "ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி இருக்கு. இவ்வளவு நேரான கோடு நான் பாத்ததில்ல. எடை குறையவே இல்லையே. எதுக்கு ஊசி? நெக்ஸ்ட்."

நான் போனுக்குக் குறுக்கே கையை நீட்டினேன். "சார், அது... நாங்கதான் சார் கல்லு வெச்சோம். மெஷினுக்கு அடையாளம் தெரியணுமின்னு."

அம்மா கோட்டின் பைகளைத் திறந்து, டம்பெல், தோசைக்கல், பேனாத்தட்டு, கருங்கல் என்று ஒவ்வொன்றாக டாக்டரின் மேஜைமேல் எடுத்து வைத்தாள், கடைசியில் கோட்டையும் கழற்றி வைத்தாள், வைத்துவிட்டு மெதுவாக, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற மாதிரியே, எழுந்து, எழுந்துகொண்டே போய்க் கூரையில் நின்றாள்.

"மேஜைல சாமான் வைக்காதீங்கம்மா" என்றார் டாக்டர். நிமிரவில்லை. "கல்லு வெச்சீங்களா? அப்ப இது தப்பான டேட்டா. அழிச்சிருங்க. மறுபடி பதினாலு நாள் எடுத்துட்டு வாங்க, சரியா?"

"மேல பாருங்க சார்!" என்று அப்பா கத்தினார். அப்பா யாரிடமும் கத்தி நான் கேட்டதில்லை. "கொஞ்சம் மேல பாருங்க சார்!"

"பாக்கறேன், கிராஃப் வரட்டும்."

வெளியே ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தன. ஆனி முதல் தேதி.

ஒரு நர்ஸ், பேர்கூடத் தெரியாது, கட்டுத்துணிச் சுருள் மூன்றைக் கொண்டுவந்து சேர்த்து முறுக்கி ஒரு நுனியை அம்மாவின் இடுப்பில் முடிந்து, மறு நுனியை என் கையில் கொடுத்து, "இதை விட்டுராதம்மா" என்றாள். அவள் ஒருத்திதான் அன்றைக்கு மேலே பார்த்தவள்.

பஸ் நிறுத்தத்தில் அப்பா கோட்டை மறுபடி எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா காற்றில் பக்கவாட்டில் சாய்ந்தபடி, ஜாக்கெட்டின் தோளை விலக்கிக் காட்டினாள். இரண்டு தோளிலும் பட்டை அறுத்த இடம் சிவந்து, தோல் உரிந்திருந்தது. பதினாலு நாளாக அவள் அதைச் சொல்லவில்லை.

"கல்லு வேண்டாங்க" என்றாள். "துணி இருக்கட்டும்."

"காத்து இப்படி அடிக்குதே சாந்தா..."

"அதான் புள்ள புடிச்சிருக்குதில்ல."

அப்பா கோட்டைத் தரையில் வைத்துவிட்டு என் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். காற்று ஒரு வீச்சு வீசியது, என் குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பித் திரும்ப வந்தன.

"நித்தி, எவ்வளவு இழுக்கறேன்?" என்று மேலிருந்து கேட்டாள்.

"தெரியலம்மா. வாளித் தண்ணி மாதிரி இருக்கு. ஆனா மேல இழுக்குது."

"நெறஞ்ச வாளியா, அரை வாளியா?"

"அரைக்குக் கொஞ்சம் கூட."

"அப்பப் பரவால்ல" என்றாள். சேலை காற்றில் படபடத்தது. "இன்னும் ஒரு மொழம் விடு கண்ணு."

"முடியாது."

"ஒரு மொழந்தான். இந்த மரம் மறைக்குது."

"முடியாதும்மா!"

"புடிச்சுக்கிட்டே விடு."

நான் அழுதுகொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டே, சுருளை உள்ளங்கையில் வழுக்கவிட்டு ஒரு முழம் விட்டேன். அம்மா வேப்பமரத்தின் உச்சியைத் தாண்டினாள். கையால் கண்ணுக்கு நிழல் கட்டிக்கொண்டு உடுமலைச் சாலையை ரொம்ப தூரத்துக்குப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும், காற்றாலை அத்தனையும் சுற்றுவது தெரியும், கணவாய்கூடத் தெரியும். அதையெல்லாம் பார்த்துவிட்டு எங்களை மறந்துவிடுவாளோ என்று நான் துணியை இன்னும் இறுக்கினேன்.

"ஏனுங்க, பஸ்ஸு வருது" என்று அம்மா கீழே குரல் கொடுத்தாள். "படிக்கட்டு வரைக்கும் ஆளு தொங்குது. நித்தியால நிக்க முடியாது. அடுத்ததுல போலாம்."